எக்மோர் படிக்கட்டை மனசுல வச்சுப் பெட்டி வாங்கு

கடையில உருட்டிப் பார்க்கும்போது எந்தப் பெட்டியும் நல்லாத்தான் உருளும். வழவழன்னு டைல்ஸ், உள்ள ஒண்ணும் இல்லாத காலிப் பெட்டி. கடைக்காரத் தம்பி ஒரு விரலால தள்ளிக் காட்டுவார், அது நாலு அடி தானாப் போய் நிக்கும். அதைப் பார்த்து மயங்கிடாதே, தங்கச்சி. நீ பெட்டி இழுக்கப்போறது அந்தத் தரையில இல்ல. தெருமுனை வரைக்கும் பேவர் பிளாக், நடுவுல கேபிளுக்காகத் தோண்டி மூடாம விட்ட பள்ளம், ஸ்டேஷன்ல மேம்பாலப் படிக்கட்டு, ஊர்ல இறங்கினா சரளைக்கல் ரோடு. சென்னையில வேலைக்குச் சேர்ந்து, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் திருநெல்வேலிக்கு வந்து போகப்போற உனக்கு எந்தப் பெட்டி சரிப்படும்னு அந்தத் தரைதான் சொல்லணும். விளம்பரம் சொல்லக்கூடாது.

வாங்கறதுக்கு முன்னாடி ஒரு வேலை செய். ஒரு பேப்பரை எடுத்து, ஹாஸ்டல் ரூம்லேர்ந்து நம்ம வீட்டு வாசல் வரைக்கும் உன் வழியை எழுது. மூணாவது மாடியிலேர்ந்து படி இறங்கணும். ஆட்டோவுல ஏத்தணும். எக்மோர்ல இறங்கி பிளாட்ஃபாரம் மாறணும். ட்ரெயின்ல ஏறி, ஆட்களுக்கு நடுவுல உன் பெர்த் வரைக்கும் போகணும். திருநெல்வேலி ஜங்ஷன்ல இறங்கி பஸ் பிடிக்கணும். ஊர் ஸ்டாப்ல அப்பா டிவிஎஸ் எக்ஸெல்லோட நிப்பார். இப்போ ஒவ்வொண்ணுக்கும் நேரா, அந்த இடத்துல பெட்டியை உருட்டலாமா, தூக்கணுமான்னு குறிச்சுப் பார். தூக்கற இடம்தான் அதிகமா இருக்கும். எஸ்கலேட்டரும் லிஃப்ட்டும் இருக்கற ஸ்டேஷன்லகூட, பண்டிகைக் கூட்டத்துல லிஃப்ட் வாசல்ல நிக்கற வரிசையைப் பார்த்தா படியில ஏறிடலாம்னுதான் தோணும். அதனால நீ வாங்கறது உருளற பெட்டி மட்டும் இல்ல, தூக்கற பெட்டியும்தான். சக்கரத்தைப் பார்க்கற அளவுக்குக் கைப்பிடியையும் எடையையும் பாரு.

இந்த சாமான் பிறந்த இடமே விமான நிலையம்தான். 1972-ல அமெரிக்காவுல பெர்னார்ட் சேடோங்கிறவர் சக்கரம் வச்ச பெட்டிக்குக் காப்புரிமை வாங்கினார். அதை ஒரு வாரைப் பிடிச்சு இழுக்கணும். 1987-ல ராபர்ட் பிளாத்ங்கிற விமானி, பெட்டியை நிமிர்த்தி நிக்கவச்சு, ரெண்டு சக்கரமும் நீளற கைப்பிடியும் பொருத்தினார். நாலு பக்கமும் சுத்தற சக்கரம் அதுக்கும் அப்புறம் வந்தது. இவங்க யாரும் நம்ம பேவர் பிளாக்கை நினைச்சு இதைச் செய்யல. அதனால எது இங்க தாக்குப்பிடிக்கும்னு நாமதான் பொறுக்கி எடுக்கணும்.

சக்கரத்துலேர்ந்து ஆரம்பிக்கறேன். பெட்டி முதல்ல சாகறது அங்கதான்.

நாலு சக்கரப் பெட்டி நிமிர்ந்து நிக்கும், பக்கத்துலயே கூட வரும், கைக்கு பாரமே தெரியாது. விமான நிலையத்துல, மால்ல, ஆபீஸ்ல அதை அடிச்சுக்க ஆள் இல்ல. தோள்வலி, மணிக்கட்டு வலி இருக்கறவங்களுக்கும் சமதரையில அதுதான் நல்லது. ஆனா அந்தச் சக்கரங்கள் சின்னது, பெட்டிக்குக் கீழ தனியா நீட்டிக்கிட்டு நிக்கும். ஒவ்வொண்ணும் ஒரு சின்ன பிளாஸ்டிக் கழுத்துல தொங்குது. பேவர் பிளாக் ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஒரு விரல் நுழையற இடைவெளி இருக்கும், மண்ணு போய் இன்னும் ஆழமா இருக்கும். சின்னச் சக்கரம் அதுல விழுந்து, எதிர்ப்பக்கம் திரும்பிக்கும். நீ இழுக்கற பக்கம் ஒண்ணு, சக்கரம் பார்க்கற பக்கம் ஒண்ணு. அந்த முறுக்கு முழுக்க அந்தக் கழுத்துலதான் விழும். ஒருநாள் சக்கரம் மட்டும் ரோட்டுல கிடக்கும், பெட்டி உன் கையில இருக்கும்.

ஆம்னி பஸ் டிக்கியில இன்னொரு தொல்லை. கிளீனர் பெட்டியைத் தரையோட தள்ளித்தான் உள்ள விடுவார், அவருக்கு இருக்கற அவசரம் அப்படி. டிக்கி விளிம்புல இருக்கற இரும்புப் பட்டையில நீட்டிக்கிட்டிருக்கற சக்கரம் போய் இடிக்கும். சரிவான இடத்துல நாலு சக்கரப் பெட்டியை விட்டுட்டு டிக்கெட் தேடினா அது தானா ஓடிப்போகும். பஸ்ல, மெட்ரோவுல பிரேக் போட்டாலும் அதே கதைதான், உன் முழங்கால் அதைப் பிடிச்சுக்கிட்டே இருக்கணும்.

ரெண்டு சக்கரப் பெட்டி பார்க்க அழகு கம்மிதான். ஆனா சக்கரம் பெருசு, பாதி உடம்புக்குள்ள புதைஞ்சிருக்கும், ஒரே திசையில மட்டும் ஓடும், நிக்கவச்ச இடத்துல நிக்கும். சாய்ச்சு இழுத்தா குழி, மேடு, சரளை எல்லாத்தையும் தாண்டி வந்துடும். படிக்கட்டுல ரெண்டு மூணு படி இழுத்து ஏத்தறதுக்குக்கூடத் தாங்கும். பாரத்துல கொஞ்சம் உன் கைமேல விழும், அது உண்மை. அதனாலதான் அதை ரொம்பப் பெரிய சைஸ்ல வாங்கக்கூடாது.

என் முடிவு இதுதான்: ட்ரெயின், பஸ், ஆட்டோன்னு போற உனக்கு ரெண்டு பெரிய சக்கரம். மாசத்துக்கு ஒரு தடவை ஃப்ளைட் ஏறி, கேப்ல போய், ஹோட்டல்ல தங்கற வேலைன்னா நாலு சக்கரம். ஆனா இப்போ கடைகள்ல பெரும்பாலும் நாலு சக்கரப் பெட்டியைத்தான் அடுக்கி வச்சிருக்காங்க, ரெண்டு சக்கரத்தைக் கேட்டு வாங்கணும். கிடைக்கலன்னா, ஒவ்வொரு மூலையிலயும் ஜோடிச் சக்கரம் இருக்கற நாலு சக்கரப் பெட்டியாப் பாரு. பாரம் எட்டாப் பிரியும், ஒண்ணு போனாலும் பெட்டி நடக்கும். சக்கரத்தோட விட்டம் அஞ்சு செ.மீட்டருக்குக் குறையக்கூடாது. மோசமான தரை வந்தா அதையும் ரெண்டு சக்கரமாச் சாய்ச்சு இழு. பின்பக்கச் சக்கரம் ரெண்டும் தானா ஒரே திசைக்குத் திரும்பி ஒழுங்கா வருதான்னு கடையிலயே சாய்ச்சு இழுத்துப் பார்த்துடு.

பிளாட்ஃபாரத்துல மஞ்சளாப் புள்ளி வச்ச டைல்ஸ் நீளமாப் போகும். அதுமேல பெட்டியை இழுக்காதே. சக்கரம் தடதடன்னு அதிர்ந்து ஸ்க்ரூ எல்லாம் லூஸ் ஆகும். அதைவிட முக்கியம், அது பார்வை இல்லாதவங்க காலால தடவி நடக்கற வழி. அதுமேல பெட்டியை நிறுத்தி வைக்கவும் கூடாது. நிறைய பேர் இதைக் கவனிக்கறதே இல்ல.

இன்னொண்ணு. பெட்டிக்குள்ள துணி லைனிங்ல கீழ்ப்பக்கம் ஒரு சின்ன ஜிப் இருக்கும். அதைத் திறந்து சக்கரம் எப்படி மாட்டியிருக்குன்னு பாரு. ஸ்க்ரூ போட்டிருந்தா நாளைக்கு எந்த பேக் ரிப்பேர் கடையிலயும் மாத்திக்கலாம். ரிவிட் அடிச்சிருந்தா அதை டிரில் பண்ணித்தான் எடுக்கணும், பாதி கடைக்காரர் வேண்டாம்னுடுவார்.

அடுத்தது சைஸ். இதுலதான் எல்லாரும் ஆசையில விழறாங்க. மூணு சைஸ் வரும்: 55 செ.மீ. உயரத்துல கேபின் பெட்டி, 65-லேர்ந்து 69 வரைக்கும் நடுத்தரம், 75-க்கு மேல பெருசு. ‘கொஞ்சம் கூடப் போட்டா பெருசு கிடைக்குதே’ன்னு தோணும். பெரிய பெட்டியில இடம் இருந்தா நிரப்பாம இருக்க மாட்டோம், நிரப்பினா 25 கிலோவைச் சுலபமாத் தொடும். அதைத் தூக்கிக்கிட்டு ட்ரெயின் படியில ஏற முடியுமா உன்னால? எக்மோர்ல பிளாட்ஃபாரம் உயரம், படி தெரியாது. சின்ன ஸ்டேஷன்கள்ல பிளாட்ஃபாரம் தாழ்வா இருக்கும், ட்ரெயின் நிக்கறதோ ஒண்ணு ரெண்டு நிமிஷம். கோச் கதவு உன் நெஞ்சு உயரத்துல இருக்கும். பெட்டியை முதல்ல மேல வச்சிட்டு, கம்பியைப் பிடிச்சு நீ ஏறணும். பின்னாடி பத்துப் பேர் நிப்பாங்க. நிரப்பின பெட்டியைத் தனி ஆளா நெஞ்சு உயரத்துக்குத் தூக்க முடியணும். உன் சைஸோட உச்சவரம்பு அதுதான்.

ரயில்வே விதியையும் தெரிஞ்சு வச்சுக்கோ. ஸ்லீப்பர்லயும் தேர்டு ஏசியிலயும் ஆளுக்கு 40 கிலோ வரைக்கும் காசில்லாம எடுத்துப் போகலாம், செகண்ட் ஏசியில 50, ஃபர்ஸ்ட் ஏசியில 70, சாதாரண ரெண்டாம் வகுப்புல 35. எடை விஷயத்துல ரயில்வே தாராளம்தான், அளவுலதான் கறார். பொதுவா பெட்டி 100 × 60 × 25 செ.மீட்டருக்குள்ள இருக்கணும், தேர்டு ஏசிக்கும் சேர் காருக்கும் 55 × 45 × 22.5 செ.மீ.தான். யாரும் டேப் வச்சு அளக்கறதில்லங்கிறது வேற விஷயம். ஆனா அந்த அளவுக்கு ஒரு நியாயம் இருக்கு. சென்னை - திருநெல்வேலி வந்தே பாரத்துல 2023-லேர்ந்து ஆட்கள் போய் வர்றாங்க. அது முழுக்க சேர் கார், அடியில தள்ள பெர்த் கிடையாது, எல்லாமே தலைக்கு மேல இருக்கற ரேக்குலதான். 55 செ.மீ. பெட்டி அதுல ஒழுங்கா உட்காரும். 75 செ.மீ. பெட்டியைத் தலைக்கு மேல தூக்கி வைக்க ரெண்டு ஆள் வேணும், கீழ விட்டா போற வர்றவங்களுக்கெல்லாம் இடைஞ்சல்.

ஸ்லீப்பர்லயும் தேர்டு ஏசியிலயும் லோயர் பெர்த்துக்கு அடியில இருக்கற இடம் உனக்கு மட்டும் சொந்தம் இல்ல. மிடில், அப்பர் ஆட்களோட பெட்டியும் அங்கதான் போகணும். கடைசியா ஏறினா மிச்சம் இருக்கற சந்துலதான் திணிக்கணும். நிமிர்ந்தா உள்ள போகாது, படுக்கப்போட்டுத்தான் தள்ளணும். அப்போ பெட்டியோட தடிமன்தான் கணக்கு, உயரம் இல்ல. விரிவாக்கற ஜிப் இருக்கற பெட்டியில அந்த ஜிப்பை ஊர்லேர்ந்து திரும்பும்போது திறந்து விட்டுட்டேன்னா வயிறு உப்பி பெர்த்துக்கு அடியில மாட்டிக்கும். அந்த ஜிப்பைப் பஸ்ல போகும்போது வச்சுக்கோ.

உனக்கு நான் சொல்றது, 65-லேர்ந்து 68 செ.மீட்டருக்குள்ள ஒரு பெட்டி, முதுகுல ஒரு பேக்பேக். ஒரு கை எப்பவும் காலியா இருக்கணும், கம்பியைப் பிடிக்க, டிக்கெட் காட்ட, போனை எடுக்க. அப்பாவோட எக்ஸெல்லையும் கணக்குல எடுத்துக்கோ. முன்னாடி கால் வைக்கற இடத்துல இந்த சைஸ் பெட்டி நிமிர்ந்து நிக்கும். 75 செ.மீ. பெட்டியை வச்சா ஹேண்டில்பார் வளைவுல திரும்பாம இடிக்கும், இருட்டுல அது ஆபத்து. ஸ்கூட்டின்னாலும் இதே பிரச்சினைதான்.

ஃப்ளைட்ல போற சந்தர்ப்பம் வந்தா, உள்நாட்டுல சாதாரண டிக்கெட்டுக்கு கையில 7 கிலோ, செக்-இன்ல 15 கிலோன்னு மனசுல வச்சுக்கோ. இண்டிகோ கேபின் பெட்டிக்குச் சொல்ற அளவு 55 × 35 × 25 செ.மீ. இது சக்கரத்தையும் சேர்த்துத்தான். கடையில ‘55 செ.மீ.’ன்னு ஒட்டியிருக்கறது சில சமயம் சக்கரம் இல்லாம அளந்ததா இருக்கும், டேப் வச்சு நீயே அள. வெத்துப் பெட்டியே 3 கிலோன்னா 7-ல மிச்சம் நாலு கிலோதான். அங்க அரைக் கிலோ குறைஞ்சாலும் ஒரு ஜோடி துணி கூடப் போகும். பவர் பேங்க் கைப் பைல மட்டும்தான் இருக்கணும், செக்-இன்ல போடக்கூடாது. சார்ஜர் பேட்டரி உள்ளயே வச்ச பெட்டியை யாராவது காட்டினா, அந்த பேட்டரியைக் கழட்ட முடியுமான்னு கேளு. கழட்ட முடியாததை ஏர்லைன்ஸ் ஏத்தறதில்ல.

பெட்டி கெட்டியா, துணியா? ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு, ஆனா யாரும் சொல்லாத ஒண்ணை முதல்ல சொல்றேன். கெட்டிப் பெட்டி பெரும்பாலும் நடுவுல பிளந்து ரெண்டாத்தான் திறக்கும். திறக்கணும்னா ரெண்டு பெட்டி இடம் வேணும். ட்ரெயின்ல ராத்திரி பத்து மணிக்கு ஒரு போர்வை எடுக்கணும்னா எங்க விரிச்சு வைப்பே? ஹாஸ்டல்ல நாலு பேர் ரூம்ல கட்டிலுக்கும் சுவத்துக்கும் நடுவுல எங்க விரிப்பே? துணிப் பெட்டியில மூடி மட்டும்தான் தூக்கும், மடியில வச்சுக்கூட எடுக்கலாம். வெளியில ரெண்டு பாக்கெட் இருக்கும், சீப்பு, டவல், தண்ணி பாட்டிலுக்கு உள் ஜிப்பைத் தொடவே வேண்டாம். நெருக்கினா கொஞ்சம் சுருங்கி பெர்த்துக்கு அடியில போகும்.

அப்புறம் ஏன் எல்லாரும் கெட்டிப் பெட்டி வாங்கறாங்க? மழை. தீபாவளி வர்றதே வடகிழக்குப் பருவமழையோடதான், அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் நீ ஊருக்குக் கிளம்பற எல்லாப் பயணமும் நனையற பயணம். துணிப் பெட்டி அரை மணி நேரம் மழையில நின்னா உள்ள ஈரம் இறங்கிடும், அப்புறம் ரெண்டு நாளைக்கு ஒரு புழுங்கல் வாடை. கெட்டிப் பெட்டியில ஓடு நனையாது, ஆனா ஜிப் வழியா தண்ணி போகும், அதையும் முழுசா நம்பிடாதே. எதை வாங்கினாலும் உள்ள ஒரு பெரிய பிளாஸ்டிக் கவரை விரிச்சு அதுக்குள்ள துணியை அடுக்கி வாயை மடிச்சு விடு. காசே ஆகாத வேலை, கம்பெனி விக்கற ரெயின் கவரைவிட நம்பகமானது. சர்டிஃபிகேட் இருந்தா அதுக்குத் தனியா ஒரு ஜிப் கவர்.

கெட்டிப் பெட்டின்னு முடிவு பண்ணினா எந்தப் பிளாஸ்டிக்னு கேளு. உள்ளே லேபிள்ல எழுதியிருக்கும். ஏபிஎஸ் விலை குறைவு, விறைப்பா இருக்கும், மூலையில அடிபட்டா விரிசல் விடும். பாலிகார்பனேட் வளைஞ்சு கொடுத்துத் திரும்பும், விலை அதிகம், பளபளப்பு இருந்தா கீறல் நல்லாத் தெரியும். பாலிப்ரொப்பிலீன் எடை கம்மி, அடியைத் தாங்கும், நிறம் பிளாஸ்டிக்லயே கலந்திருக்கறதால கீறல் உறுத்தாது. நம்ம டிக்கிக்கும் பெர்த்துக்கும் பாலிப்ரொப்பிலீன்தான் என் ஓட்டு. லேபிள் இல்லைன்னா, பெட்டியை மூடி நடுவுல கட்டைவிரலால நல்லா அழுத்து. உள்ள போய் சட்டுன்னு வெளிய வந்தா நல்லது. அழுத்தவே முடியாம விறைச்சுக்கிட்டு இருந்தாலோ, அழுத்தின இடம் வெள்ளையாத் தெரிஞ்சாலோ வச்சிடு. துணிப் பெட்டின்னா நெசவு நெருக்கமா இருக்கா, நாலு மூலையிலயும் அடியிலயும் பிளாஸ்டிக் காப்பு இருக்கான்னு பாரு, அங்கதான் முதல்ல கிழியும்.

கைப்பிடிக்கு வருவோம். இழுக்கற தண்டை முழு நீளத்துக்கு இழுத்து, பக்கவாட்டுல ஆட்டிப் பாரு. கொஞ்சம் ஆட்டம் எல்லாத்துலயும் இருக்கும், அது பரவாயில்ல. லொடலொடன்னு சத்தம் வந்து வளைஞ்சா ஆறு மாசம்தான். பட்டனை அழுத்திப் பத்துத் தடவை ஏத்தி இறக்கு, எங்கயாவது சிக்குதான்னு பாரு. உன் உயரத்துக்கு ஏத்த நிலையில அது நிக்கணும். ரொம்பக் குட்டையா இருந்தா ஒவ்வொரு எட்டுக்கும் பெட்டி உன் குதிகால்ல இடிக்கும். தூக்கற கைப்பிடி மேல ஒண்ணு, பக்கத்துல ஒண்ணு கட்டாயம். அடியிலயும் பிடிக்க ஒரு குழிவு இருந்தா ரொம்ப நல்லது, டிக்கியிலேர்ந்து இழுக்கவும், பெர்த்துக்கு அடியிலேர்ந்து வெளிய எடுக்கவும் அதுதான் உதவும். கைப்பிடி வெறும் ஒட்டா, ஸ்க்ரூவான்னு இழுத்துப் பார்த்தே தெரிஞ்சுக்கலாம். பாரத்தோட படி ஏறும்போது அந்தக் கைப்பிடி பிடுங்கிக்கிட்டு வந்தா பெட்டியோட நீயும் உருளுவே.

ஜிப் விஷயத்துல சிக்கனம் பார்க்காதே. சாதாரண நைலான் ஜிப்பை ஒரு பால்பாயின்ட் பேனா முனையால குத்திப் பிளந்துட்டு, ரன்னரை ஒரு இழுப்பு இழுத்தா மறுபடி மூடிக்கும், திருடினதே தெரியாது. அதனால ரெண்டு அடுக்கு ஜிப் இருந்தா நல்லது, இல்லைன்னா பல்லு பெருசா, தடிமனா இருக்கறதைப் பாரு. மூலை திரும்பற இடத்துல ரன்னர் சிக்காம ஓடணும். ஒய்.கே.கே.ன்னு ரன்னர்ல பொறிச்சிருந்தா ஒரு நம்பிக்கை. வைர வடிவக் குறி போட்ட டிஎஸ்ஏ பூட்டைப் பெருமையாக் காட்டுவாங்க. அது அமெரிக்க விமான நிலையங்கள்ல அதிகாரிங்க உடைக்காமத் திறக்கறதுக்கு. நம்ம ஊர்ப் பயணத்துக்கு அதுக்காகத் தனியா காசு கொடுக்கத் தேவையில்ல. பூட்டு எதுவா இருந்தாலும், 000-ல விட்டு வைக்காம அன்னைக்கே நம்பர் மாத்து.

ட்ரெயின்ல பூட்டைவிடச் சங்கிலி முக்கியம். லோயர் பெர்த்துக்கு அடியில வளையம் இருக்கும், அதுல கட்டத்தான். பிளாட்ஃபாரத்துல விக்கற மெல்லிசுச் சங்கிலி போதும், எடுக்க ரெண்டு நிமிஷம் ஆகும்னு தெரிஞ்சாலே கை வைக்க மாட்டாங்க. சங்கிலியை இழுக்கற தண்டுல கோக்காதே, பக்கத்துக் கைப்பிடியில கோத்துடு. சாவியை உடம்போட வச்சுக்கோ.

விலையைப் பத்தி. பெட்டிக் கடையில எம்ஆர்பியை நம்பாதே. ஒன்பதாயிரம்னு அச்சடிச்சு, எழுபது சதவீதத் தள்ளுபடின்னு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாங்க. அந்த விலைக்கு அது எந்தக் காலத்துலயும் வித்திருக்காது. தள்ளுபடியை மறந்துட்டு, கையிலேர்ந்து போகப்போற தொகைக்கு இந்தச் சக்கரமும் இந்த ஜிப்பும் சரியான்னு மட்டும் பாரு. 2,500-லேர்ந்து 4,000 ரூபாய்க்குள்ள நல்ல நடுத்தரப் பெட்டி கிடைக்கும். விஐபி, சஃபாரி, அமெரிக்கன் டூரிஸ்டர்னு தெரிஞ்ச பேர்கள்ல எதுவானாலும் சரி, சென்னையிலயும் திருநெல்வேலியிலயும் சர்வீஸ் எங்கன்னு கேட்டுட்டு வாங்கு. ரோட்டோரத்துல ஒரு எழுத்து மட்டும் மாறின பேரோட விக்கற பெட்டியில அந்த வாரன்டி இருக்காது. பில்லையும், கடை முத்திரை வாங்கின வாரன்டி கார்டையும் போட்டோ எடுத்து வை. மூணா செட்டா வாங்கினா லாபம்னு சொல்வாங்க. மூணையும் எங்க வைக்கப்போறே? அந்தக் காசுக்கு நல்லதா ஒண்ணு வாங்கு.

கடைக்குப் போகும்போது வெறுங்கையோட போகாதே. நான் சொன்னா நம்ப மாட்டே, ஒரு பேக்ல அஞ்சு கிலோ அரிசி மூட்டை ரெண்டு எடுத்துட்டுப் போ. பெட்டிக்குள்ள வச்சு இழுத்துப் பார்க்கணும்னு தன்மையாக் கேட்டா பெரும்பாலும் சம்மதிப்பாங்க. இல்லைன்னா கடையில இருக்கற மத்த சாமானை உள்ள வச்சுப் பாரு. அப்புறம் கடைக்கு வெளிய, படியும் சிமென்ட் தரையும் இருக்கற இடத்துல ஒரு சுத்து இழு. அந்த ஒரு நிமிஷத்துல எது சறுக்குது, எது இழுக்க வருதுன்னு உன் கையே சொல்லிடும்.

வாங்கியாச்சு, இனி அடுக்கறது. கனமானது எல்லாம் சக்கரத்துப் பக்கம். அரிசி, புத்தகம், செருப்பு அங்க போனா பெட்டி நிமிர்ந்து நிக்கும்போது குப்புற விழாது, சாய்ச்சு இழுக்கும்போதும் கைமேல பாரம் குறையும். ஊருக்குப் போகும்போது பாதிப் பெட்டி காலியா இருக்கட்டும். அம்மா உன்னைச் சும்மா அனுப்ப மாட்டாங்கன்னு உனக்கே தெரியும்: முறுக்கு டப்பா, இட்லிப் பொடி, புளி, நல்லெண்ணெய், கருவாடு. எண்ணெய் பாட்டில் மூடியைக் கழட்டி, வாயில ஒரு பிளாஸ்டிக் தாளைப் போட்டு, அதுமேல மூடியைத் திருகி, ரெண்டு கவர்ல கட்டி, துணிக்கு நடுவுல நிமிர்த்தி வை. கருவாட்டுக்குக் காத்துப் புகாத டப்பாதான், வேற வழி இல்ல. துணி லைனிங்ல அந்த வாடை ஏறினா போகவே போகாது. ஃப்ளைட்னா கொப்பரைத் தேங்காய் வேண்டாம், எண்ணெய்ப்பசை அதிகம், தீப்பிடிக்கற சாமான் கணக்குல வச்சிருக்காங்க, ஏர்போர்ட்ல எடுத்து வெளிய வச்சிடுவாங்க.

டிக்கியில போடற பெட்டியில லேப்டாப், நகை, சர்டிஃபிகேட் எதுவும் இருக்கக்கூடாது. கிளீனர்கிட்ட ‘அண்ணே, சக்கரம் உள்பக்கம் பார்க்க வைங்க’ன்னு சொல்லு, பெரும்பாலும் கேட்பார். ராத்திரி மூணு மணிக்கு இருட்டுல டிக்கி திறக்கும்போது எல்லாப் பெட்டியும் ஒரே கறுப்பு, ஒரே நீலம். கைப்பிடியில கலர் துணி ஒண்ணு கட்டு, உள்ளயும் வெளியயும் பேரும் போன் நம்பரும் எழுதி வை. வீட்டு விலாசம் வெளியில வேண்டாம். ஏர்போர்ட்ல பெல்ட்ல வரும்போதே சக்கரம் உடைஞ்சிருந்தா, வெளிய வர்றதுக்கு முன்னாடியே அங்க இருக்கற ஏர்லைன்ஸ் கவுன்டர்ல எழுதிக் கொடுக்கணும். வாசலைத் தாண்டிட்டா அப்புறம் கேக்கறது கஷ்டம்.

கடைசியா, பரண். பெட்டி பயணத்துல கெட்டுப்போறதைவிடப் பரண்ல சும்மா கிடந்து கெட்டுப்போறது நிறைய. சக்கரத்தைச் சுத்தி இருக்கற மெத்துன்னு இருக்கற பாகம் பெரும்பாலும் பாலியூரித்தேன். காத்துல இருக்கற ஈரம் அதை மெல்ல மெல்ல உள்ளுக்குள்ளயே உடைக்கும். சென்னை மாதிரி கடலோர ஊர்ல சீக்கிரமே நடக்கும். ரெண்டு மூணு வருஷம் தொடாம வச்சிருந்த பெட்டியை இறக்கி இழுத்தா, சக்கரத்துலேர்ந்து கறுப்பாத் துண்டு துண்டா உதிர்ந்து தரையெல்லாம் அப்பும், ரெண்டு தெரு தாண்டறதுக்குள்ள வெறும் பிளாஸ்டிக் வளையம்தான் மிஞ்சும். வருஷக்கணக்கா டப்பாவுல வச்சிருந்த ஷூவோட அடி பிய்யறதும் இதே காரணத்தாலதான். கைப்பிடியில ரப்பர் பூச்சு பிசுபிசுக்கறதும் அதே வகைதான்.

அதனால ஒவ்வொரு பயணத்துக்கு அப்புறமும் ஈரத்துணியால சக்கரத்தைத் துடை, தெருவுல எதையெதையோ மிதிச்சு வந்திருக்கும். அச்சுல சுத்திக்கிட்டிருக்கற தலைமுடியையும் நூலையும் பிளேடால வெட்டி எடு, சக்கரம் இறுகிப்போறதுக்குப் பாதிக் காரணம் அதுதான். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு அச்சுல விட்டு, வழிஞ்சதைத் துடைச்சிடு, அதிகம் விட்டா மணல் ஒட்டும். பெட்டியை நல்லாக் காயவச்சு, ஜிப்பைக் கொஞ்சம் திறந்து வச்சு, படுக்கப்போட்டு வை. நாலு சக்கரமும் ஒரே இடத்துல அழுந்தி மாசக்கணக்கா நிக்கக்கூடாது. கனமான சாமானை அதுமேல ஏத்தாதே, கெட்டிப் பெட்டிகூட மெல்ல உள்வாங்கும்.

பொங்கலுக்கு டிக்கெட் எடுத்ததும் பெட்டியை ஒரு வாரம் முன்னாடியே இறக்கிடு. மொட்டை மாடியில பத்துக் கிலோ வச்சு ரெண்டு சுத்து இழுத்துப் பாரு. உதிர்ந்தாலும், ரன்னர் ஓடலைன்னாலும், ரிப்பேர் கடைக்காரருக்கு அந்த ஒரு வாரம் போதும். பண்டிகைக்கு முந்தின நாள் போனா அவர் கடையில உனக்கு முன்னாடியே இருபது பெட்டி வரிசையில நிக்கும்.